ஓய்வு பெறுபவரின் இடம் யாருடையது?

கேள்வி: மதுரையில் பட்டம் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்தேன். இப்போது மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், சுமார் 1,500 மாணவர்கள் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைகளையும் பரவலாகப் படிக்கவைக்கும் இளங்கலை) கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இந்தியப் பெருங்கடல் வரலாறு என் துறை. நாங்கள் நால்வர், ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து பாடங்கள். ஐரோப்பிய வரலாறு நடத்தும் மூத்த பேராசிரியர் அடுத்த ஆண்டு கோடையில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் கேட்டு, ஆசிரியர் இடங்களை ஒதுக்கும் டீனுக்கு மார்ச் மாதத்துக்குள் கோரிக்கை எழுதும்படி துறைத் தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். "புதிய படிப்புத் திட்டம் எதனோடாவது இணைத்துக் கேட்டால் பரிசீலிப்போம்" என்று டீன் அலுவலகம் குறிப்புக் காட்டுகிறது. தரவு அறிவியலோடு இணைக்கலாமா என்று யோசிக்கிறோம். மூத்தவர்களோ ஐரோப்பா இல்லாமல் வரலாற்றுத் துறையா என்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் இதை எழுதலாமா? என்னோடு ஆய்வு செய்த தமிழ்த் தோழி ஒருத்தி இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கக்கூடும். அதையும் எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை. நம் ஊரில் பணிச்சுமைக் கணக்கைக் காட்டினால் இடம் கேட்க முடியும். இங்கே எதைக் காட்டுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், மற்றக் கேள்விகளுக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மாணவர் கல்லூரியில் சேரும் நாளிலேயே பி.ஏ. வரலாறு மாணவராகிவிடுகிறார். இத்தனை இடங்கள் என்று அனுமதி இருக்கிறது, உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் எத்தனை ஆசிரியர் தேவை என்பது வந்துவிடும். அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மாணவர் எந்தத் துறையிலும் சேர்வதில்லை, கல்லூரியில்தான் சேர்கிறார். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். அதுவரை அவர் எல்லாருடைய மாணவர். ஆகவே எந்தத் துறைக்கும் உறுதியான எண்ணிக்கை கிடையாது, உறுதியான ஆசிரியர் இடமும் கிடையாது.

அப்படியானால் ஓய்வு பெறுபவரின் இடம் யாருடையது? பெரும்பாலான சிறிய கல்லூரிகளில் அது டீனிடம் திரும்பிவிடுகிறது. துறை அதை மறுபடியும் கேட்டுத்தான் பெற வேண்டும். இயற்பியலும், உளவியலும், இதுவரை இல்லாத புதிய துறையும் அதே இடத்துக்கு அதே மாதத்தில் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கும். "எங்கள் இடத்தை நிரப்பித் தாருங்கள்" என்ற தொனியில் எழுதப்பட்ட கோரிக்கைகள் பலவற்றைத் துணை டீனாக இருந்த காலத்தில் படித்திருக்கிறேன். கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்கள் அவற்றை மரியாதையோடு படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இழப்பைச் சொல்வதோடு அந்தக் கோரிக்கைகள் நின்றுவிடும். குழு தேடுவது அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான திட்டத்தை.

முப்பது ஆண்டு என்பதை எண்ணித்தான் சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டு அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்றது. அதன்பின் டென்யூர், அதாவது நிரந்தரப் பணியுரிமை. டென்யூர் பெற்ற ஆசிரியருக்கு வயதைக் காட்டிக் கட்டாய ஓய்வு கொடுப்பதும் 1994 தொடக்கத்திலிருந்து சட்டப்படி இல்லை. எந்த இடம் எப்போது காலியாகும் என்று டீனால் கணிக்க முடியாது. தன் பதவிக்காலத்தில் கைக்கு வரும் சில இடங்களை வைத்துத்தான் அவர் கல்லூரியின் திசையை மாற்ற முடியும். உங்கள் டீன் குறிப்புக் காட்டுவது பேராசையால் அல்ல. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-இல் 43 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டு, மறு ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. அப்படிக் குறைந்த எண்ணிக்கையில் பிறந்த குழந்தைகள் கல்லூரிக்கு வரும் ஆண்டுகள் இவை. 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரியும், அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியும் 2024-இல் மூடப்பட்டன. ஸ்வீட் பிரையர் கல்லூரி 2015-இல் மூடுவதாக அறிவித்து, முன்னாள் மாணவியரின் போராட்டத்தால் பிழைத்தது. சிறிய கல்லூரியின் டீன் எவரும் இந்தப் பெயர்களை மறந்துவிட்டு ஒரு கோரிக்கையைப் படிப்பதில்லை.

இனி என்ன காட்டுவது என்பதற்கு வருகிறேன். முதன்மைப் பாடமாக வரலாற்றை எடுத்தவர்களின் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடாதீர்கள். 2008-க்குப் பிந்தைய பத்தாண்டில் நாடு முழுவதும் வரலாற்றுப் பட்டங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. உங்கள் எண்ணும் அநேகமாக அதையே சொல்லும். உங்கள் உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உயிரியல் மாணவர், பொருளாதார மாணவர், சட்டம் படிக்கப் போகும் மாணவர், பொதுக் கல்வித் தேவைக்காக வருபவர் ஆகிய எல்லாரையும் சேர்த்து, கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை இருக்கைகள் நிரம்பின, எந்தப் பாடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது, எது பாதி காலியாகக் கிடந்தது என்ற கணக்கு வேண்டும். இவை பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பாதி காலியாகக் கிடந்ததை மறைக்க வேண்டாம். டீனிடமும் அதே பட்டியல் இருக்கிறது.

அடுத்தது இன்னொரு கணக்கு. இதைத் துறைகள் பெரும்பாலும் போடுவதே இல்லை. நால்வர், ஆளுக்கு ஐந்து பாடம், மொத்தம் 20 வகுப்புகள். இதில், எல்லாத் துறைகளும் பங்கிட்டு நடத்தும் முதலாண்டு செமினாருக்குத் துறை இரண்டு வகுப்புகளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவருக்கு ஒரு பாடம் குறைப்பு. ஏழாண்டுக்கு ஒரு முறை ஆய்வு விடுப்பு. அரையாண்டு விடுப்பு என்றே கொண்டாலும், நால்வருக்குமாகச் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை வகுப்பு அதில் போகும். ஆய்வு முறை வகுப்பு ஒன்று, இறுதியாண்டு ஆய்வேட்டு வகுப்பு ஒன்று. மிஞ்சுவது பதின்மூன்று, பதினான்கு. நீங்கள் மூவரானால் 15 வகுப்புகள். முதலாண்டு செமினார் அதே இரண்டு. தலைவருக்கு அதே ஒன்று. ஆய்வு முறையும் ஆய்வேடும் அதே இரண்டு. விடுப்பில் மட்டும் சிறிது குறையும். மிஞ்சுவது ஒன்பது. நால்வரில் ஒருவர் போனால் கால் பங்கு குறையும் என்றுதான் வெளியில் இருப்பவர் நினைப்பார். மாணவர் கண்ணுக்குத் தெரியும் பாடங்களில் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நிலையான கடமைகள் சுருங்குவதில்லை என்பதே காரணம். உங்கள் கல்லூரியின் எண்களை இட்டு இதைச் செய்து பாருங்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் இந்தக் கணக்கு, வரலாற்றின் பெருமை பற்றிய ஐந்து பக்கங்களைவிட அதிகம் பேசும். வரலாற்றின் பெருமையில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கோரிக்கையைப் படிக்கும் வேதியியலாளரும் தன் பாடத்தை அதே அளவு நேசிக்கிறார்.

யார் சரி என்று கேட்டீர்கள். மூத்தவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. புரட்சிகள், மதச் சீர்திருத்தம், இரு உலகப் போர்கள், யூத இனப்படுகொலை ஆகியவற்றை நடத்த ஆளில்லாத கல்லூரியில் அரசியல், தத்துவம், இலக்கியம், மதவியல் வகுப்புகளும் தளர்ந்துபோகும். உங்களுக்குமே அது தேவை. போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று தெரியாத மாணவரிடம் இந்தியப் பெருங்கடலைச் சொல்லித் தருவது கடினம். ஆனால் "ஐரோப்பா வேண்டும்" என்பது நிலப்பரப்பின் பெயர் மட்டுமே. மாணவர் எடுக்கப்போவது பாடங்களை. எனவே புதிதாக வருபவர் நடத்தப்போகும் ஐந்து பாடங்களையும் பெயரிட்டு, யார் அவற்றில் வந்து உட்காருவார்கள் என்று எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே வேர்விட்ட திட்டங்கள் எவை? சுற்றுச்சூழல் படிப்பா, பொதுச் சுகாதாரமா, சட்டத்துக்கான தயாரிப்பா? ஐரோப்பியச் சூழலியல் வரலாறோ, கொள்ளைநோய்களும் மருத்துவமும் பற்றிய வரலாறோ அறிந்த ஒருவர், மூத்தவர்கள் கேட்கும் ஐரோப்பாவையும் நடத்துவார், டீன் கேட்கும் இணைப்பையும் தருவார். அப்படிப்பட்டவர்கள் முனைவர் பட்டத்தோடு இன்று வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

தரவு அறிவியலை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. கணினித் துறையிலோ புள்ளியியலிலோ ஒருவர், "இந்தப் பாடத்தை நான் உங்களோடு சேர்ந்து நடத்துகிறேன்" என்று பெயரெழுதித் தந்திருந்தால் அது வேறு. அப்படி எவரும் இல்லாமல் விளம்பரத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், வருகிற இளைஞர் இரண்டு வேலைகளைத் தனியாகச் சுமப்பார். மூன்றாண்டு கழித்து எந்த வேலையையும் முழுதாகச் செய்யவில்லை என்று மதிப்பீட்டில் எழுதுவோம். அது அவருக்கு நாம் செய்யும் அநீதி. மூன்று கண்டங்கள், நான்கு நூற்றாண்டுகள், கூடவே மின்னணு ஆய்வு முறை, கூடவே அருங்காட்சியகப் பயிற்சி என்று நீளும் விளம்பரங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். துறைக்குள் உடன்பாடு ஏற்படவில்லை என்பதை அவை ஊருக்கே அறிவிக்கின்றன. நல்ல விண்ணப்பதாரர் அதை உடனே கண்டுகொள்வார்.

கோரிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பத்தி உண்டு: எதை நிறுத்தப்போகிறீர்கள்? ஓய்வு பெறுபவர் இருபதாண்டுகளாக நடத்திய பாடங்களில் எவை அவரோடு முடியும், முதன்மைப் பாடத்துக்கான தேவைகளில் எதைக் குறைப்பீர்கள், நான்காண்டில் ஒரு மாணவர் செல்லும் பாதை எப்படி மாறும்? இதைத் துறைக் கூட்டத்தில் பேசித் தீர்க்காமல் மேலே போகாதீர்கள். கூட்டம் கசக்கும், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். எதையும் விடாமல் எல்லாம் வேண்டும் என்று கேட்கும் துறையிடம் டீன் கேட்கும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கும். அப்போது நால்வரும் நான்கு விதமாகப் பதில் சொன்னால் அன்றே இடம் போய்விடும். ஓய்வு பெறுபவரிடம் அவருடைய பாடங்களின் வரலாற்றைக் கேட்டறியுங்கள், குறிப்புகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தனக்குப் பின் வருபவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பங்கு பெறக் கூடாது. இது பொதுவான மரபு. துறைத் தலைவர்தான் இதை அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதலாமா என்ற கேள்விக்கும் இது பொருந்தும். எண்களைத் திரட்டுங்கள், பாடங்கள் பற்றிய பகுதியை வரைவாக எழுதிக் கொடுங்கள். கோரிக்கை துறைத் தலைவரின் பெயரில், அவருடைய கையெழுத்தோடு போகட்டும். மூத்தவர்கள் இருவரும் மூன்றாண்டு கழித்து உங்கள் டென்யூர் குறித்து வாக்களிப்பவர்கள். அவர்களுக்கிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை டென்யூர் பெறாத ஒருவர் மேல் வைப்பது முறையல்ல. வைத்தாலும் நீங்கள் ஏற்க வேண்டாம். "வரைவைத் தருகிறேன், துறை முடிவு செய்து நீங்கள் அனுப்புங்கள்" என்ற ஒரு வரி மின்னஞ்சல் போதும். செய்த வேலையை உங்கள் மூன்றாமாண்டு மதிப்பீட்டுக் கோப்பில் பணிப் பங்களிப்பாகக் குறிப்பிடும்படி அவரிடம் கேளுங்கள். நம்மில் பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். இளம் பெண் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட எழுத்து வேலைகளைத் தொடர்ந்து செய்கிறார்கள். அவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அதே சமயம், துறைக் கூட்டத்தில் மௌனமாக இருந்துவிடாதீர்கள். வரப்போகிறவரோடு நெடுங்காலம் பணி செய்யப்போவது நீங்கள். எந்தப் பாடம் தேவை, எது உங்கள் பாடத்தோடு மோதும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

டீன் முழு இடம் தராமல் வேறு ஏதாவது தர முன்வரலாம். ஓராண்டோ இரண்டாண்டோ வருகைதரு பேராசிரியர் என்றால், அந்தக் காலம் முடிந்ததும் டென்யூருக்கு இட்டுச்செல்லும் இடமாக ஆள் தேடல் நடக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராவிட்டால் அது மெல்லத் துறையைச் சுருக்கும் வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரு துறைகளுக்குப் பொதுவான இடம் என்றால், டென்யூர் எந்தத் துறையில், மதிப்பீட்டுக் குழுவில் யார் யார், பாடங்கள் எப்படிப் பிரியும் என்பவை நியமனக் கடிதத்துக்கு முன்பே ஒப்பந்தமாக வேண்டும். இல்லையென்றால் இரு வீட்டுக்கு ஒரு மருமகள் நிலைதான், இரண்டு இடத்திலும் முழு வேலை கேட்பார்கள். பக்கத்துக் கல்லூரியோடு பகிர்வதும் ஒரு வழி. மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகமும் 1965-இல் அமைப்பாகச் சேர்ந்து, மாணவர்களை ஒருவர் வகுப்பில் மற்றவர் சேர விட்டன, சில ஆசிரியர் இடங்களையும் பகிர்ந்துகொண்டன. பஸ் போகும் தூரத்தில் கல்லூரிகள் இருந்ததால் அது முடிந்தது. உங்கள் பக்கத்துக் கல்லூரி இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இடம் கிடைத்துவிட்டால் வேலை வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் விளம்பரம், இலையுதிர் காலம் முடிவதற்குள் விண்ணப்பங்கள், ஜூமில் முதல் சுற்று, ஜனவரி, பிப்ரவரியில் மூன்று பேரைக் கல்லூரிக்கு அழைப்பது என்பதுதான் வழக்கமான ஓட்டம். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர் சுவடிகளைப் பற்றி அருமையாகப் பேசுவார். பதினெட்டு வயது மாணவர் பதினைந்து பேரோடு ஒரு மணி நேரம் உரையாடத் தெரியுமா என்பது அந்தப் பேச்சில் தெரியாது. ஆகவே மாதிரி வகுப்பை உண்மையான வகுப்பில், அந்த வாரத்துக்குரிய பாடத்திலேயே நடத்தச் சொல்லுங்கள். மாணவர்களின் கருத்தை அன்றே எழுத்தில் வாங்குங்கள். முதலாண்டு செமினார் ஒன்றுக்குப் பாடத்திட்டம் கேளுங்கள். ஆய்வைப் பொறுத்தவரை, பெரிய நூலகம் இல்லாத சிற்றூரிலிருந்து, கோடை விடுமுறைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தொடர முடியுமா என்று வெளிப்படையாகப் பேசுங்கள். விருந்தில் கவனம் வேண்டும். "கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தைகள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார்" என்பவை நமக்கு அன்பின் கேள்விகள். பணித் தேர்வில் அவை கேட்கக் கூடாதவை. பாகுபாட்டுப் புகாருக்கே இடம் தரும். ஊரின் பள்ளிகளைப் பற்றியும் தம்பதியர் வேலை பற்றியும் தகவல் வேண்டுமென்றால் அதை டீன் அலுவலகம் மூவருக்கும் ஒரே மாதிரி கொடுக்கட்டும்.

உங்கள் தோழி விண்ணப்பித்தால், அன்றே துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: ஒரே ஆசிரியரிடம் படித்தோம், நெருங்கிய நட்பு. தேர்வுக் குழுவில் நீங்கள் இருந்தால் விலகுங்கள். அவருடைய கோப்பு பேசப்படும்போது மட்டும் எழுந்து போவது போதாது, ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர் தரவரிசையை மாற்றும். விளம்பரத்தின் வாசகம் முடிவாகும் முன்பே அவர் விண்ணப்பிப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் வரைவு எழுதுவதிலிருந்தும் விலகுவது நல்லது. எண்களைத் திரட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தோழியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். உங்களிடமிருந்து உள்தகவல் வராது என்று அறிந்துகொண்டு அவர் தன் தகுதியில் போட்டியிடட்டும். தேர்வானால் எவரும் அவர் முதுகுக்குப் பின்னால் பேச இடமிருக்காது.

இதையொட்டி ஒரு நடைமுறைச் செய்தி. தேர்வாகிறவர் வெளிநாட்டவராக இருந்து, கல்லூரி அவருக்குப் பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டு, நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விண்ணப்பிக்க நினைத்தால், அதற்கு முதலில் பெற வேண்டிய தொழிலாளர் சான்றிதழில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. தேசிய அளவிலான தொழில்முறை இதழில் விளம்பரம் வந்திருக்க வேண்டும். தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். விளம்பரத்தின் நகலையும், மற்றவர்களைவிட இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற அறிக்கையையும் தேதியோடு பத்திரப்படுத்தும்படி துறைத் தலைவரிடம் சொல்லிவையுங்கள். நீங்களும் அதே வழியில் வந்தவர் என்றால் உங்கள் காகிதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மனிதவளப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள். அந்த 18 மாதக் கெடு கடந்திருக்கும். அதற்குள் விண்ணப்பம் போயிருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மார்ச் என்பது அதிக தூரத்தில் இல்லை. பதிவாளர் அலுவலகம் ஐந்தாண்டு எண்களைத் தர இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். துறைத் தலைவர் வழியாக அந்தக் கோரிக்கையை இந்த வாரமே அனுப்பச் செய்யுங்கள். எண்கள் வந்ததும், எதை நிறுத்துவது என்ற ஒரே பொருளோடு துறைக் கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். சுற்றுச்சூழல் திட்டத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் நடத்துபவர்களிடம் அதற்கு முன்பே பேசிவிடுங்கள். "இந்தப் பாடம் வந்தால் எங்கள் மாணவர்கள் எடுப்பார்கள்" என்று அவர்கள் எழுதித் தரும் நான்கு வரிகள் கோரிக்கையின் பின்னிணைப்பில் இருக்க வேண்டும்.